மிஷின் ஓடாத நாள்

நம் தொடரின் பெரியவளைத் திட்டி இந்த வாரம் ஏகப்பட்ட கடிதங்கள். ‘அட்டைப்பெட்டி ஃபேக்டரி மிஷினில் விரல்களைப் பறிகொடுத்த சித்தியைப் பார்த்து, அது என் கையில இல்ல சித்தின்னு ஒருத்தி சொல்லுவாளா? நெஞ்சில் ஈரமே இல்லையா அவளுக்கு?’ என்று ஒரு வாசகி பொரிந்து தள்ளியிருக்கிறார். சொல்லிவிட்டாளே, என்ன செய்ய? வாய் தவறிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. அம்மாவின் தங்கையான சித்திக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றுவிட்டது. ஆள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க நலத்துறை அலுவலகக் கவுண்டரில் இருக்கும் மிஷினில் விரலை வைக்க வேண்டும் என்று புது உத்தரவு. சித்தியின் இரண்டு கைகளிலும் வைக்க விரல் கிடையாது. ‘விரல் வைக்காததால் உயிரோடு இருப்பது உறுதியாகவில்லை’ என்று பதில் வந்தது. இந்தப் பதிலை எழுதியவர் யாரோ, அவருக்கு ராத்திரி எப்படித்தான் தூக்கம் வருகிறதோ.

அந்த மிஷின்களை எல்லாம் ஓட்டுகிற இணையதளத்தைக் கவனித்துக்கொள்ளும் கம்பெனியில்தான் பெரியவளுக்கு வேலை. வீட்டிலிருந்தே, சாப்பாட்டு மேஜையிலேயே வேலை. உத்தரவு போடுவது துறை, ஓடவைப்பது மட்டும்தான் இவள். அதைத்தான் அன்று சொல்ல வந்தாள். சித்தி எழுந்து போனவர்தான், இவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

இன்று சித்திக்குக் கடைசி நாள். இன்றைக்குள் பதிவாகவில்லை என்றால் பெயரையே நீக்கிவிடுவார்கள். அதிகாரியிடம் நேரில் கெஞ்சிப் பார்க்கலாம் என்று தம்பி லீவு போட்டிருந்தான்.

கடைசி நாள் பார்த்துத்தான் அது நடந்தது.

அலுவலகங்கள் திறக்கிற நேரத்துக்குத் தளம் திணற ஆரம்பித்தது. பெரியவள் டீயில் வாய் வைப்பதற்குள் மேனேஜரின் போன்.

"என்னம்மா நடக்குது? எல்லாக் கவுண்டர்லயும் மிஷின் நிக்குதாம். டிபார்ட்மென்ட்ல என்னைக் கிழிகிழின்னு கிழிக்கறாங்க."

"பார்த்துட்டிருக்கேன் சார். யாரோ வேணும்னே செய்யறாங்க."

"யாரோன்னா? வெளிநாட்டு ஆளுங்களா?"

"இல்ல சார். எல்லாம் இங்க இருக்கறவங்கதான். வீட்டு நெட்ல இருந்து வருது. நெசமான மனுஷங்க."

விஷயம் இதுதான். யாரும் பூட்டை உடைக்கவில்லை, எதையும் திருடவில்லை. உதவித்தொகை வெட்டப்பட்டவர்களுக்காக யாரோ ஒரு பக்கத்தைத் தயார் செய்து, ‘இன்று ஒரு நாள் இதைத் திறந்துவையுங்கள், அது போதும்’ என்று போனுக்குப் போன் அனுப்பிவிட்டார்கள். திறந்துவைத்தால் அந்தப் பக்கம் தானாகவே நலத்துறைத் தளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஊரே கூடி ஒரு வீட்டின் காலிங் பெல்லை விடாமல் அழுத்தினால், உள்ளே இருப்பவர் யாருக்கென்று கதவைத் திறப்பார்?

பெரியவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் ஹாலில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். தம்பி லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அவனுக்குத் ‘தலைவர்’ என்று பெயர். எந்த ஊர்வலமானாலும் பேனரின் ஒரு முனையை அவன்தான் பிடித்திருப்பான்.

"உன் கூட்டத்து வேலைதானே இது?"

"எது?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதே. தளம் விழுந்து கிடக்குது."

தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "விழுந்துடுச்சா? இன்னைக்கா? ஐயோ, சித்தியைக் கூட்டிட்டுப் போகணுமே!"

"நடிக்காதே."

"அக்கா, நான் சண்டை போடறதுன்னா தெருவுல நின்னு போடுவேன். என் மூஞ்சி தெரியும், என் பேர் தெரியும், அடி விழுந்தா என் முதுகுல விழும். வீட்டுல காலை நீட்டி உட்கார்ந்துட்டு போனைத் தட்டி விடறதுக்குப் பேரு போராட்டமா? எந்த மடையன் செஞ்சானோ, இன்னைக்குன்னு பார்த்துச் செஞ்சிருக்கான்."

அம்மா சமையலறையில் பாத்திரத்தைச் சற்று பலமாகவே வைத்தாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பெரியவள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். விடாமல் தட்டுகிற வீடுகளைக் கட்டுக்கட்டாகப் பிடித்து அடைக்க வேண்டும். அடைத்த வீடுகளிலிருந்து வருகிற எதையும் தளம் காதில் வாங்காது. முதல் கட்டை அடைத்தாள். இரண்டாவதை அடைத்தாள். மூன்றாவதை அடைத்ததும் அவள் திரை அப்படியே நின்றுவிட்டது.

சனியன், நெட் போய்விட்டதா? நாற்காலியில் ஏறி, ஃப்ரிட்ஜ் மேல் இருந்த மோடத்தை அணைத்துப் போட்டாள். நியூஸ் வந்தது. பாட்டு வந்தது. மேனேஜரின் மெசேஜ்கள் ‘என்னாச்சு, என்னாச்சு’ என்று வரிசைகட்டி வந்தன. ஆபீஸ் தளம் மட்டும் வரவில்லை.

பெரியவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். இறங்கும்போதே புரிந்துவிட்டது. அடைத்த வீடுகளில் அவள் வீடும் ஒன்று.

"போனைக் குடு" என்றாள் தம்பியிடம்.

"எதுக்கு?"

"குடுடா! இந்த வீட்டுல இருந்துதான் தட்டிட்டிருக்கே. என் வேலைக்கே உலை வெச்சுட்டியேடா பாவி!"

தம்பி போனை நீட்டினான். அவள் தேடினாள். ஒன்றும் இல்லை. லிஃப்ட் மோட்டார் படங்களும் கூட்டங்களின் போஸ்டர்களுமாக நிறைந்து கிடந்தது, அவ்வளவுதான். அவள் முகத்தை அவன் பார்த்த பார்வையில் கோபத்தைவிடச் சலிப்புதான் இருந்தது.

அப்போதுதான் அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கையில் போன், அதில் சார்ஜர் ஒயர் தொங்கியது.

"ஏண்டி, நெட் போயிடுச்சா? என்னோடதுல அந்தப் பக்கம் சுத்திக்கிட்டே நிக்குது. கொஞ்சம் பாரேன்."

தம்பி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான்.

"எந்தப் பக்கம்மா?" என்று பெரியவள் கேட்டாள். கேட்காமலே தெரிந்திருந்தது.

"அதான், எங்க எக்ஸ்சேஞ்ச் குரூப்புல அனுப்பினாங்களே. சாயந்தரம் வரைக்கும் மூடக் கூடாதுன்னாங்க. அதான் சார்ஜர்லயே போட்டிருக்கேன்."

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிடையர் ஆனவள். கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு குரூப்பில் இருக்கிறார்கள். காலை வணக்கம், முட்டி வலிக்கு மருந்து, பேரக்குழந்தைகள் படம், இவைதான் அதில் வரும். அந்தக் குரூப் மொத்தமும் இன்று அரசாங்கத்தோடு மோதிக்கொண்டிருந்தது. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா, நீயா?"

"நான்தான். உன்னை மாதிரி பேனர் பிடிக்க எனக்கு முட்டி ஒத்துழைக்கலை. நீ இப்ப சொன்னியே, அந்த மடையன் நான்தான்." அம்மா சார்ஜர் ஒயரைக் கையில் சுற்றினாள். "என் தங்கச்சி உசுரோட இருக்கான்னு சொல்ல நானே போய் நிக்கறேன், என்னை நம்ப மாட்டேங்கறான். படியேறி படியேறி அவ கால் வீங்கிப் போச்சு. மனுவை வாங்கி வெச்சுக்கறான், பதில் இல்ல. நான் வேற என்ன செய்யட்டும்?"

"என் வேலை போயிடும்மா" என்றாள் பெரியவள்.

"இந்த நெட்டு வழியாத்தான் உன் வேலையும் போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தனியா ஒயர் வருதுன்னு நினைச்சேன்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாங்களும் அந்தக் காலத்துல ஸ்டிரைக் பண்ணினவங்கதான். மொத்த டெலிபோன் போர்டையும் விட்டுட்டு எழுந்து வந்தோம். ஆனா ஆஸ்பத்திரி, தீயணைப்பு, அந்த ஒரு போர்டுல மட்டும் முறை போட்டு உட்கார்ந்தோம். ஊருக்குக் கெடுதல் செய்யணும்னு நினைக்கலை. இப்பவும் அப்படித்தான். ஒரு நாள் மிஷின் நின்னா யார் குடி முழுகிடும்?"

பெரியவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். திட்டுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

"இதுல அந்த போர்டு தனியா இல்லம்மா. எல்லாத்துக்கும் ஒரே வாசல். படுத்த படுக்கையா இருக்கறவங்க வீட்டுக்குப் போயி குளிப்பாட்டி, துணி மாத்தி, மருந்து குடுக்கற பொண்ணுங்க இருக்காங்களே, இன்னைக்கு எந்த வீடுன்னு அவங்க பார்க்கறதும் இந்தத் தளத்துலதான். காலையில இருந்து அவங்க சூப்பர்வைசர் எனக்கு போன் பண்ணிட்டே இருக்காங்க."

அம்மாவின் கை போனோடு இறங்கியது.

"குரூப்புல யாரும் இதைச் சொல்லலையே."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தம்பி மெதுவாகச் சொன்னான்: "நாங்க லிஃப்ட்டை நிறுத்தறதுக்கு முன்னால உள்ள யாராவது இருக்காங்களான்னு குரல் குடுப்போம்மா. பார்க்காம சுவிட்சை அணைச்சா மேஸ்திரி கன்னத்துல விடுவாரு."

"விடுடா" என்றாள் பெரியவள். "அவங்களை ஏண்டா இன்னும் குத்தறே."

அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை எப்படி மூடறது?" என்று கேட்டாள். பெரியவள்தான் வாங்கி மூடினாள்.

"நான் மூடிட்டா சரியாயிடுமா?"

"ஆகாது. உன்னை மாதிரி ஊர் முழுக்க இருக்காங்க."

"அப்ப நான் ஒருத்தி மூடி என்ன ஆச்சு?"

 ஒருத்தி திறந்ததற்கும் இதே கேள்வியைப் பெரியவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆபீஸ் நண்பரைக் கூப்பிட்டுத் தன் வீட்டை மட்டும் அடைப்பிலிருந்து எடுக்கச் சொன்னாள். அதே கட்டோடு அடைபட்ட மற்ற வீடுகளிலும் ஏதோ ஒரு அம்மாவோ அக்காவோ இருப்பாள்தான். அவர்களுக்காகச் சொல்ல அந்த வீடுகளில் ஒரு பெரியவள் இல்லை. அவளுக்கே அது கூச்சமாகத்தான் இருந்தது.

தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். "மிஷின் ஓடலைன்னாலும் போய் நிப்போம். ஓடினா மட்டும் என்ன வாழ்ந்துச்சு, அதுல வைக்க சித்திக்கு விரலா இருக்கு?"

நண்பகல் தாண்டும்வரை பெரியவள் எழுந்திருக்கவில்லை. அடைப்பதை விட்டுவிட்டு, தளத்துக்கு முன்னால் இன்னொரு வாசல் கட்டிக்கொண்டிருந்தாள். வருகிறவர் எல்லோரும் முதலில் அங்கே நிற்க வேண்டும். சும்மா தட்டுகிறவரை அங்கேயே நிறுத்திவிட்டு வேலையாக வருகிறவரை மட்டும் உள்ளே விடும். சலிப்பான வேலை. பக்கத்தில் வாஷிங் மெஷின் தடதடவென்று ஆடியது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். இவள் போகவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை.

சூப்பர்வைசர் மறுபடி கூப்பிட்டார். தொண்டை கட்டிப்போன குரல்.

"பாப்பா, ஆச்சா?"

"ஆகப் போகுதுக்கா. கொஞ்சம் பொறுங்க."

"என் பொண்ணுங்க எல்லாம் பஸ் ஸ்டாப்புல நிக்குதுங்க, எந்த வீட்டுக்குப் போறதுன்னு தெரியாம. போன் பண்ண முடிஞ்சவங்க பண்ணிட்டாங்க, அங்க ஆள் அனுப்பிட்டேன். பண்ண முடியாதவங்க கதியைத்தான் நினைச்சுப் பாரு. காலையில இருந்து அந்த ஈரத்துலயே கிடப்பாங்களே."

அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். கேட்டிருப்பாள்.

வேலை முடிந்தது. சோதித்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. இனி ஒரு பட்டனை அமுக்கினால் தளம் எழுந்துவிடும். அமுக்கப் போகிற நேரத்தில் தம்பியின் போன்.

"அக்கா! தளத்தை எழுப்பிட்டியா?"

"இதோ எழுப்பப் போறேன்."

"எழுப்பாதே! எழுப்பாதே அக்கா!" அவன் மூச்சு வாங்கினான். "இங்க என்ன நடக்குது தெரியுமா? மிஷின் ஓடாத நாள்ல அதிகாரியே ஆளை நேர்ல பார்த்து, ‘உயிரோடு இருக்கிறார்’னு கையால எழுதிக் கையெழுத்துப் போடலாமாம். பழைய ரூல். எல்லாரும் மறந்தே போயிட்டாங்க. மத்தியானமா மேலிடத்துல இருந்து சொல்லியிருக்காங்க, அந்த ஆள் எழுதிட்டிருக்காரு. சித்தி வரிசையில நிக்கறாங்க. முன்னால கொஞ்சம் பேர்தான். கை இல்லாதவங்க, விரல் ரேகை தேஞ்சவங்கன்னு இன்னும் நிறையப் பேர் நிக்கறாங்க. கொஞ்ச நேரம் விட்டுடு அக்கா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

பெரியவள் போனை வைத்தாள். அடக் கடவுளே என்றுதான் இருந்தது.

யாரும் திட்டம் போட்டு நடந்ததல்ல இது. பக்கத்தைத் தயார் செய்தவர்களுக்கும் தெரியாது, அம்மாவின் குரூப்புக்கும் தெரியாது. ஆனாலும் மிஷின் நின்றதால்தான் ஒரு மனிதர் நிமிர்ந்து சித்தியின் முகத்தைப் பார்க்கப் போகிறார்.

பட்டனை அமுக்காமல் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தாள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். குடித்த டம்ளரைக் கழுவினாள். அங்கே கிடந்த மற்ற பாத்திரங்களையும் கழுவினாள். துணிகளை எடுத்து உதறி உதறிக் கொடியில் போட்டாள். சித்தி இன்னும் ஓர் அடி நகர்ந்திருப்பாரா, இன்னும் ஓர் அடி?

மேஜை மேல் போன் அதிர்ந்தது. சூப்பர்வைசர். எடுக்கவில்லை. நின்றுவிட்டு மறுபடி அதிர்ந்தது.

"எடுத்துப் பேசு" என்றாள் அம்மா.

"எடுத்து என்னம்மா சொல்லட்டும்? ரெடியா இருக்கு, ஆனா போட மாட்டேன்னா?" பெரியவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீ சொல்லும்மா. போடட்டுமா, வேண்டாமா?"

"என்னைக் கேக்காதே. நான் சொன்னா அவ அக்காவாத்தான் சொல்லுவேன்."

இதைச் சொல்லிவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். காலையில் யாரையும் கேட்காமல் செய்தவள், இப்போது முடிவை இவள் தலையில் போட்டுவிட்டாள். பெரியவளுக்கு அம்மா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

போன் மூன்றாம் முறை அதிர்ந்தது.

பெரியவள் உட்கார்ந்தாள். பட்டனை அமுக்கினாள்.

தளம் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசரிடமிருந்து மெசேஜ்: ‘வீடுகள் வந்துடுச்சு. பொண்ணுங்க கிளம்பிட்டாங்க. நல்லா இரு பாப்பா.’ மேனேஜரும் சபாஷ் என்றார். இரண்டையும் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். தம்பி கூப்பிடாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. அதற்குள் சித்தியின் முறை முடிந்திருக்கும், முடிந்திருக்கத்தான் வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

தம்பி கூப்பிட்டான். அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

"முடிஞ்சுதாடா?"

"சித்தி முறை வந்துச்சுக்கா. அவர் பேரைக் கேட்டாரு, சித்தி சொன்னாங்க. அவர் எழுதவே ஆரம்பிச்சுட்டாரு." தம்பி நிறுத்தினான். "மிஷின்ல லைட் வந்துச்சு. பேனாவை மூடி வெச்சுட்டு, ‘மிஷின் வந்துடுச்சும்மா, விரலை வைங்க’ன்னாரு."

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதி எழுதிட்டீங்களே சார், முடிச்சுடுங்கன்னு காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேன். மிஷின் ஓடும்போது கையால எழுதினா என் வேலை போயிடும் தம்பிங்கறாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியல."

"சித்தி எங்கடா?"

"கவுண்டரை அடைச்சாப்புல கீழே உட்கார்ந்துட்டாங்க. எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க. பின்னால யாருக்கும் வேலை நடக்கல, எல்லாரும் கத்தறாங்க. எங்களை ஏன்மா தடுக்கறேன்னு ஒரு அம்மா அழுவுது. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலக்கா. தூக்கவும் மனசு வரல, விடவும் மனசு வரல."

"போனை அவங்க காதுல வை."

கூச்சல் கிட்டே வந்தது, விலகியது. யாரோ மூச்சு விடுவது கேட்டது.

"சித்தி..."

"நல்லா ஓடுதுடி உன் மிஷின்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு சித்தி அவளிடம் பேசியது இதுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"சித்தி, அங்க படுத்த படுக்கையா இருக்கறவங்க..."

"தம்பி சொன்னான். உன் எடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அழாதே." சித்தி மூச்சை இழுத்து விட்டார். "ஆனா நான் இங்கருந்து எழுந்திரிக்கப் போறதில்ல. கத்தறவங்க கத்தட்டும். அக்காவைக் கூப்பிடு."

"கேட்டுட்டுதான் இருக்கேன்டி" என்றாள் அம்மா ஜன்னலிலிருந்து.

"வந்துடு அக்கா. பக்கத்துல எடம் இருக்கு."

 அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டினாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வரியா?" என்று கேட்டாள்.